வினைச்சொல்லுக்கு மட்டும் ஒரு வகுப்பு: கொழிஞ்சாம்பாறை மாடி அறை எப்படி?

ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வைத்துவிடுவார்கள் என்று நம்பிப் போகிறவர்களுக்கு இந்த வகுப்பு ஏற்றதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் படித்தால் புரிகிறது, ஓரளவு எழுதவும் வருகிறது, ஆனால் வினைச்சொல் வரும் இடத்தில் மட்டும் கை தயங்குகிறது என்பவர்களுக்கு, பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ்நாட்டு எல்லைக்கு அருகிலுள்ள கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையின் கடைவீதியில், ஓர் உரக்கடைக்கு மேலே இருக்கிறது அந்த மாடி அறை. பெயர்ப்பலகை கிடையாது. "டீச்சர் வகுப்பு எங்கே?" என்று கேட்டால் உரக்கடைக்காரர் மாடிப்படியைக் காட்டுவார். நடத்துகிறவர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவர். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழும் மலையாளமும் அவருக்கு ஒன்றுபோலவே வருகின்றன. வாரத்தில் மூன்று மாலைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், மாதம் 900 ரூபாய். நான்கு மாதப் பாடம். நான்கு மாதமும் வினைச்சொல்தான். பெயர்ச்சொல், உரிச்சொல், கடிதத்தின் தலைப்பில் என்ன எழுதுவது என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

நான் கோபாலபுரம் பக்கம் ஒரு நார் மில்லின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற தூளைக் கழுவி, காயவைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, நெதர்லாந்து, தென்கொரியா என்று மண்ணில்லாமல் பயிர் வளர்ப்பவர்களுக்கு அனுப்புகிறோம். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு மின்னஞ்சலும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எடை, விலை, உப்பின் அளவு எல்லாம் எண்கள். அவற்றில் சிக்கல் வருவதில்லை. சிக்கல் வருவதெல்லாம் வினைச்சொல்லில்தான். எங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவர், "வி ஆர் வாஷிங் த மெட்டீரியல் த்ரீ டைம்ஸ்" என்று எழுதினார். மூன்று முறை கழுவுவது எங்கள் வழக்கம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அதைப் படித்தவர், சரக்கு இன்னும் தொட்டியில் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அப்படியானால் அடுத்த கப்பலுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதிவிட்டார். "வி வாஷ்" என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

இந்த மாடி அறையின் அருமை தெரிய வேண்டுமென்றால் மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு பெரிய பயிற்சி நிலையத்தில் முன்பு சில வாரங்கள் உட்கார்ந்திருக்கிறேன். குளிரூட்டிய அறை, வண்ணத்தில் அச்சிட்ட புத்தகம். முதல் நாளே சுவரளவு அட்டவணை ஒன்று திரையில் விழுந்தது. முக்காலம் ஒரு பக்கம். சாதாரணம், தொடர், முற்று, முற்றுத்தொடர் என்று நான்கு மறுபக்கம். பெருக்கினால் பன்னிரண்டு கட்டங்கள். "ஐ ஈட்" என்பதில் தொடங்கி "ஐ வில் ஹேவ் பீன் ஈட்டிங்" வரை கோரஸாகச் சொன்னோம். அட்டவணையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது வடிவங்களை வரிசையாக நிறுத்துவதோடு முடிந்துவிடுகிறது. நேற்று நடந்ததைச் சொல்லும்போது எந்தக் கட்டத்தில் கைவைப்பது, ஏன் பக்கத்துக் கட்டத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு அந்த அட்டவணையில் பதில் கிடையாது. பன்னிரண்டையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் மறுநாளே "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்று எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் அட்டவணையைக் கடைசி மாதத்தில்தான் காட்டுகிறார், அதுவும் சரிபார்த்துக்கொள்வதற்காக. அவர் தொடங்குவது நம் வாயிலிருந்து. முதல் வாரம் ஒவ்வொருவரும் தன் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சொல்ல வேண்டும். அவர் திருத்துவதில்லை. சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதையே வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு, அதைக் கீழே தமிழில் எழுதுகிறார். மலையாளம் பேசுகிறவர் என்றால் மலையாளத்தில். பலகை நிறைந்ததும் யாரும் விளக்காமலேயே ஒன்று புலப்பட்டுவிடுகிறது. எல்லோரும் செய்யும் பிழைகள் ஐந்தாறு வகைதான். ஒவ்வொன்றுக்கும் வேர் கீழே இருக்கும் தமிழ் வரியில் இருக்கிறது.

லாரி புக்கிங் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் அண்ணன் சொன்னது: "டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபோர்." கீழே தமிழ் வரி: "தினமும் நாலு மணிக்கு எழுந்திருப்பேன்." எழுந்திருப்பேன் என்பது வடிவத்தில் எதிர்காலம், பொருளில் அன்றாட வழக்கம். தாத்தா சாப்பிட்டதும் வெற்றிலை போடுவார், இந்தக் கோயிலில் பங்குனியில் தேர் ஓடும் என்று நாம் வழக்கத்தைச் சொல்வதெல்லாம் எதிர்கால வடிவத்தில்தான். மலையாளத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில் அந்த வேலை சாதாரண நிகழ்காலத்துக்கு உரியது: "ஐ கெட் அப் அட் ஃபோர்." பழைய வழக்கத்துக்கும் நாம் இதே வடிவத்தைத்தான் எடுக்கிறோம்: "அப்போதெல்லாம் சித்தூரில் சோகநாசினி ஆற்றில் குளிப்போம்." அங்கே ஆங்கிலத்துக்கு "யூஸ்ட் டு" வேண்டும். இரண்டு வாக்கியமும் அடுத்தடுத்துப் பலகையில் நின்றபோது அந்த அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் சிவப்பு மையால் அடித்தார்களே தவிர, ஏன் அடித்தார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எங்கள் அலுவலகத் தம்பியின் "ஆர் வாஷிங்" வந்ததற்கும் காரணம் இப்படித்தான் கிடைத்தது. தமிழில் "போகிறேன்" என்றால் இந்த நிமிடம் போய்க்கொண்டிருப்பதும் ஆகலாம், தினமும் போவதும் ஆகலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: வழக்கமானால் "கோ", கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் "ஆம் கோயிங்". நம் காதுக்குக் "கிறேன்" என்பது "இங்" ஒலியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால்தான் "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ரன்". அறிதல், விரும்புதல், சொந்தமாயிருத்தல் போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். பாதியில் நிற்பதோ நடந்துகொண்டிருப்பதோ அவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது, ஆகவே "இங்" ஒட்டாது. ஆனால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி, ஏனென்றால் அங்கே அந்தச் சொல் சாப்பிடுவதைக் குறிக்கிறது. இந்தியாவுக்குள் "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்" என்றால் எல்லோருக்கும் புரியும். அப்படிப் பேசுகிறவர்களை டீச்சர் ஒருபோதும் கேலி செய்வதில்லை. தேர்வுத்தாளிலும் வெளிநாட்டுக் கடிதத்திலும் வேண்டாம் என்று மட்டும் சொல்கிறார். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

"2015-லிருந்து இங்கே வேலை செய்கிறேன்" என்பதும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் தொடக்கப் புள்ளியைச் சொல்லிவிட்டால், அங்கிருந்து இன்றுவரை இழுத்து வரும் வடிவம் வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015." தொடங்கிய நேரத்துக்கு "சின்ஸ்", கழிந்த அளவுக்கு "ஃபார்". இதை ஒரே மாலையில் முடித்துவிட்டார். அதற்கு மேல் தேவையும் இல்லை.

அவர் மிக அதிக நேரம் செலவிடுவது "ஹேவ்" சேர்ந்த வடிவத்துக்கு. சரியாகவே செய்கிறார், தென்னிந்தியர் ஆங்கிலத்தில் அதிகம் தடுமாறும் இடம் அதுதான் என்று என் மேசைக்கு வரும் கடிதங்களை வைத்து நானும் சொல்வேன். இதற்கு அவர் பலகையில் வரைவது நம் பொள்ளாச்சிச் சாலையை. பாலக்காடு, எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி என்று ஒரு கோடு. கேட்கிறவரும் சொல்கிறவரும் நிற்பது கொழிஞ்சாம்பாறையில், அதுதான் இப்போது. பாலக்காட்டிலிருந்து கிளம்பிய பஸ் எலப்புள்ளியைத் தாண்டிவிட்டது, இனி வரப்போகிறது, நாம் தயாராக வேண்டும் என்றால் "ஹேஸ் பாஸ்ட்": நடந்தது முன்பு, அக்கறை இப்போது. எலப்புள்ளியை ஆறு மணிக்குத் தாண்டியது என்று மணியைச் சொல்லிவிட்டால், பேச்சு அந்த ஆறு மணிக்கே போய்விட்டது. "பாஸ்ட்" மட்டும் போதும். நேற்று, போன வாரம், 2019-இல், ஆறு மணிக்கு என்று முடிந்துபோன நேரம் ஒன்று வாக்கியத்துக்குள் வந்த உடனே "ஹேவ்" வெளியேற வேண்டும்.

இது ஏன் நமக்குக் கடினம் என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் மறக்கவே மறக்காது. காலையில் எழுந்து வாசல் நனைந்திருப்பதைப் பார்த்து, "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். நாம் கண்ணால் பார்க்கவில்லை, தடயத்தைக் கொண்டு சொல்கிறோம் என்பதை அந்த "இருக்கிறது" தெரிவிக்கிறது. ராத்திரி என்ற சொல் பக்கத்திலேயே இருந்தாலும் தமிழுக்கு அது உறுத்தவில்லை. "நேற்றே வந்திருக்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை" என்பதும் அப்படித்தான். அதையே ஆங்கிலத்தில் "இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்" என்று வைத்தால் நிற்காது. "இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்" என்று சொல்ல வேண்டும், ஊகம் என்பதைக் காட்டியே ஆக வேண்டுமானால் "இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்." தமிழின் "இருக்கிறது" செய்கிற வேலையும் ஆங்கிலத்தின் "ஹேவ்" செய்கிற வேலையும் பாதி தூரம் ஒன்றாகப் போய்ப் பிறகு பிரிகின்றன. பிரியும் இடம் எது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டியவர் வேறு யாரையும் நான் சந்தித்ததில்லை.

ஒன்றாகப் போகும் பாதியையும் அவர் விடுவதில்லை. "ஊட்டிக்குப் போயிருக்கிறாயா?" என்று கேட்டால் அனுபவத்தைக் கேட்கிறோம். மலையாளப் பிள்ளைகளுக்கு அதே இடத்தில் "போயிட்டுண்டோ?" என்கிறார், அவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அது "ஹேவ் யூ பீன் டு ஊட்டி?" ஆனால் "அவன் ஊட்டிக்குப் போயிருக்கிறான்" என்று ஒரு வீட்டில் சொன்னால், ஆள் இப்போது வீட்டில் இல்லை என்றும் பொருள். அதற்கு "ஹி ஹேஸ் கான் டு ஊட்டி." ஒரே தமிழ் வடிவம், ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. போய்த் திரும்பியவருக்கு "பீன்", போனவர் இன்னும் அங்கேயே என்றால் "கான்." சேல்ஸ் வேலையில் இருக்கும் ஒருவர், மேலாளர் எங்கே என்று கேட்ட வாடிக்கையாளருக்கு "ஹி ஹேஸ் பீன் டு கொச்சி" என்று பதில் எழுதுவதாகச் சொன்னார், மேலாளர் கொச்சியில்தான் இருந்தார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு டீச்சர் அன்றைய மாலை முழுவதையும் நடத்தினார்.

ஒரு நர்ஸ் தங்கை கேட்ட கேள்வியும் நினைவில் நிற்கிறது. "இன்று காலை" என்பது முடிந்த நேரமா, முடியாத நேரமா? பதினோரு மணிக்குச் சொன்னால் காலை இன்னும் முடியவில்லை, "ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்" பொருந்தும். மாலையில் சொன்னால் "ஐ சா ஹிம் திஸ் மார்னிங்." சொல்கிற நேரம் மாறினால் வினையும் மாறுகிறது. இன்னொரு நாள் நான் எங்கள் அமெரிக்க வாடிக்கையாளரின் கடிதத்தைக் கொண்டு போனேன். "டிட் யூ ஷிப் யெட்?" என்று எழுதியிருந்தார். பிரிட்டிஷ் வழக்கில் "ஹேவ் யூ ஷிப்ட் யெட்?" என்றுதான் பெரும்பாலும் வரும், அமெரிக்கர்கள் "ஜஸ்ட்", "ஆல்ரெடி", "யெட்" போன்ற சொற்களோடு சாதாரண இறந்தகாலத்தையும் தாராளமாகப் பயன்படுத்துவார்கள், அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம் என்றார் டீச்சர். பாடநூலில் இருப்பதை மட்டும் வேதமாகப் பிடித்துக்கொள்ளாதவர் என்று அன்று தெரிந்தது.

"ஹேட்" கதைக்கு வருகிறேன். "போன வாரம் திருச்சிக்குப் போயிருந்தேன்" என்பது நல்ல தமிழ். அதை அப்படியே "லாஸ்ட் வீக் ஐ ஹேட் கான் டு திருச்சி" என்று சொல்கிறோம்; கேட்கும் ஆங்கிலேயர், போயிருந்தபோது என்ன நடந்தது என்று அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். ஆங்கிலத்தில் "ஹேட்" வர வேண்டுமானால், கடந்துபோன இன்னொரு நிகழ்ச்சி வேண்டும்; அதற்கும் முன்னால் நடந்ததற்குத்தான் இது. டீச்சர் இரண்டு வாக்கியங்களை எழுதினார். "வென் ஐ ரீச்ட் த ஸ்டாண்ட், த பஸ் ஹேட் லெஃப்ட்." "வென் ஐ ரீச்ட் த ஸ்டாண்ட், த பஸ் லெஃப்ட்." முதலாவதில் பஸ்ஸைத் தவறவிட்டாயிற்று. இரண்டாவதில் நான் போய்ச் சேர்ந்ததும் பஸ் கிளம்பியது. ஒருவேளை எனக்காகத்தான் நின்றிருந்ததோ என்னவோ. ஒரு சொல்லில் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார் அல்லது நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு வகுப்பில் யாருக்கும் தனி விளக்கம் தேவைப்படவில்லை.

இப்படியே இன்னும் சில. "அவன் வரும்போது சொல்கிறேன்" என்பதில் உள்ள "வரும்" நம்மை "வென் ஹி வில் கம்" என்று எழுத வைக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பாதிக்கு "வென் ஹி கம்ஸ்" போதும். "வருகிறேன் என்று சொன்னான்" என்று நாம் அவன் வார்த்தையை அப்படியே தூக்கி வைக்கிறோம். ஆங்கிலம் பெரும்பாலும் அதையும் ஒரு படி பின்னுக்குத் தள்ளி "ஹி செட் ஹி வாஸ் கமிங்" என்கிறது. "டிட்" வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது சுமந்துகொள்கிறது, பின்னால் வரும் வினை மூல வடிவிலேயே நிற்க வேண்டும். இவற்றை வேகமாகவே கடந்தார். பயிற்சித் தாள்கள் மட்டும் நிறையக் கொடுத்தார்.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இதையெல்லாம் பற்றி யோசித்தே வைத்திருக்கிறார்கள் என்பதையும் ஒரு மாலை சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை வாசலிலிருந்து கூப்பிட்டால் "இதோ வந்துவிட்டேன்" என்கிறான். இன்னும் எழுந்திருக்கவே இல்லை. விரைவு காரணமாக எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்வது வழு அல்ல, வழுவமைதி என்று தமிழ் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலேயன் அதே இடத்தில் "ஐ ஆம் கமிங்" என்கிறான், அவனும் இன்னும் வரவில்லைதான். காலமும் வினை வடிவமும் ஒன்றல்ல என்பதை எந்த அட்டவணையையும்விட இந்த ஒரு வாக்கியம் எனக்கு நன்றாக உணர்த்தியது. ஆங்கில வினை தன் உருவை மாற்றிக் காட்டும் காலங்கள் இரண்டே: "கோ", "வென்ட்." எதிர்காலத்துக்கு அதனிடம் தனி உருவம் கிடையாது, "வில்" போன்ற துணையைக் கூப்பிட்டுக்கொள்கிறது அல்லது நிகழ்காலத்தையே கடன் வாங்குகிறது. போகிறேன், போனேன், போவேன் என்று மூன்றுக்கும் மூன்று உருவம் வைத்திருக்கும் நாம், அதனிடமும் மூன்றைத் தேடியது தான் சிக்கலுக்குத் தொடக்கம்.

எங்கள் தொழிலுக்கு இந்தக் கடன் வாங்கல் பாடம்தான் பெரிய லாபம். கப்பல் அட்டவணைப்படி வெள்ளிக்கிழமை கிளம்புகிறது என்றால் "த வெசல் செய்ல்ஸ் ஆன் ஃப்ரைடே", சாதாரண நிகழ்காலம். லாரிக்குச் சொல்லியாயிற்று, ஆட்கள் தயார் என்றால் "வி ஆர் லோடிங் டுமாரோ." இப்போதுதான் முடிவெடுத்து வாக்குக் கொடுக்கிறோம் என்றால் "வி வில் லோட் டுமாரோ." வியாழக்கிழமைக்குள் ஏற்றி முடித்திருப்போம் என்று கெடு சொல்ல "வி வில் ஹேவ் லோடட் பை தர்ஸ்டே." இந்த நான்குக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவர் எழுதும் கடிதத்தில், எது உறுதி, எது ஏற்பாடு, எது வெறும் வாக்கு என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் தம்பியின் கடிதங்களை இப்போது நான் திருத்தாமலேயே அனுப்புகிறேன்.

இதைவிட முக்கியமான பயன் நர்ஸ் பிள்ளைகளுக்கு. வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்கள் வகுப்பில் எப்போதும் சிலர் உண்டு. அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் நோயாளியின் குறிப்புகளைப் படித்து, 180 முதல் 200 சொற்கள் அளவில் ஒரு கடிதம் எழுத வேண்டும். குறிப்பைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். டீச்சர் அவர்களுக்கு இரண்டு வாக்கியங்களைத் தருகிறார். "ஷி டுக் மெட்ஃபார்மின்." "ஷி ஹேஸ் பீன் டேக்கிங் மெட்ஃபார்மின் சின்ஸ் 2019." முதலாவதைப் படிக்கும் மருத்துவர், மாத்திரை நின்றுவிட்டது என்று நினைப்பார். இரண்டாவதில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோயாளியின் கடிதத்தில் இந்த வேறுபாடு மதிப்பெண்ணோடு நிற்கிற விஷயமா? "மோளே, கடிதத்தைப் படிக்கிறவர் உன்னைப் பார்த்ததில்லை, நோயாளியையும் பார்த்ததில்லை; உன் வினைச்சொல் ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது" என்று அவர் சொன்னபோது அறையே அமைதியானது. தமிழ்ப் பிள்ளைகளைக் "கண்ணு" என்றும் மலையாளப் பிள்ளைகளை "மோளே", "மோனே" என்றும் கூப்பிடுவார். கண்டிப்பில் மட்டும் இருவருக்கும் ஒரே அளவு.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்தால் இது விமர்சனம் ஆகாது.

முதல் குறை, கையில் தரும் குறிப்புகள். நகலெடுத்துச் சுருள்கம்பி போட்ட புத்தகம், தனியாக 150 ரூபாய். ஆங்கில வாக்கியங்களுக்குக் கீழே விளக்கம் முழுவதும் மலையாள எழுத்தில் இருக்கிறது. சித்தூர் தாலுகா முழுவதும் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தவர்கள் இருக்கிறார்கள். மலையாளம் பேசினால் புரிந்துகொள்ளும் அவர்களில் பலருக்குப் படிக்க நேரமெடுக்கும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக வருகிறவர்களுக்கு அந்தப் பக்கங்கள் வெற்றுத்தாள்தான். பலகையில் இரண்டு மொழிக்கும் சமமாக இடம் கொடுக்கும் ஒருவர், புத்தகத்தில் தமிழை விட்டது எனக்கு வருத்தம். நேரிலேயே சொன்னேன், அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். நான் படித்து முடிக்கும்வரை வரவில்லை. பலகையில் எழுதுவதை நீங்களே ஒரு நோட்டில் முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள், அதுவே நல்ல தமிழ்க் குறிப்பாகிவிடும்.

இரண்டாவது, உச்சரிப்பு. இறந்தகால வடிவத்தின் கடைசி ஒலியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. "வாஷ்ட்" என்பதில் முடிவது ட் ஒலி, "கிளீன்ட்" என்பதில் அதைவிட மென்மையான ஒலி, "லோடட்" என்பதில் மட்டும் தனி அசை. நம்மில் பலர் எல்லாவற்றுக்கும் ஓர் உகரத்தைச் சேர்த்து "வாஷ்டு", "கிளீன்டு" என்கிறோம், அல்லது கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறோம். விழுங்கினால் தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவருக்கு "வி வாஷ்" என்று கேட்கும். இவ்வளவு பாடுபட்டுக் கற்ற இறந்தகாலம் காதில் விழாமலேயே போய்விடும். எழுதும் வேலை உள்ளவர்களுக்குக் குறையில்லை. நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் இதை வேறெங்காவது கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒழுங்கற்ற வினைகளின் பட்டியலை, "புட்", "கட்" என மாறாதவை, "சிங்", "சாங்", "சங்" என உள்ளுக்குள் மாறுபவை என்று பிரித்துத் தருகிறார், மற்றபடி மனப்பாடம்தான். அதற்குக் குறுக்குவழி இல்லை என்பதால் நான் குறை சொல்ல மாட்டேன்.

மாலை வகுப்பில் கூட்டம் அதிகம். ஒரு பெஞ்சில் ஐந்து பேர் வரை உட்கார்கிறார்கள். பயிற்சித்தாள் திருத்தி வருவதற்கு இரண்டு வாரம்கூட ஆகிறது. அதற்குள் என்ன எழுதினோம் என்பதே மறந்துவிடுகிறது. மாடிப்படி மிகச் செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான்; முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும்.

கைப்பேசிச் செயலிகளில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் சிலவற்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். கோடிட்ட இடத்தை நிரப்பினால் சரி, தவறு என்று உடனே சொல்லிவிடுகின்றன. பயிற்சியின் அளவுக்கு அவை மேல்தான். ஆனால் "ஐ ஹேட் கான்" என்று நான் ஏன் எழுதினேன் என்று அவற்றுக்குத் தெரியாது. "போயிருந்தேன்" என்ற சொல்லை அவை கேட்டதே இல்லை. வகுப்பில் காரணத்தைக் கற்றுக்கொண்டு, வீட்டில் செயலியில் பயிற்சி செய்தால் இரண்டும் பயன்படும். அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள்.

சேர விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். புதிய பிரிவு நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் தொடங்குகிறது; நடுவில் சேர்த்துக்கொள்வதில்லை, சேர்ந்தாலும் பயனில்லை, ஏனென்றால் முதல் வாரத்துப் பலகைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தொலைபேசியில் டீச்சர் பேரம் பேசுவதில்லை, நேரில் போனால் பத்து நிமிடம் உட்கார வைத்து நாலு வாக்கியம் எழுதச் சொல்லிவிட்டுத்தான் இடம் உண்டா இல்லையா என்பார். ஆங்கில எழுத்துகளே இப்போதுதான் பழகுகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார், அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கூட்டம் குறைவாக வேண்டும் என்றால் சனிக்கிழமை காலைப் பிரிவைக் கேளுங்கள். அதில் நர்ஸ் பிள்ளைகள்தான் அதிகம், தாள்களும் அந்த வாரமே திரும்பி வந்துவிடுகின்றன. பொள்ளாச்சியிலிருந்து மாலை வகுப்புக்கு வருகிறவர்கள், வகுப்பு எட்டு மணிக்கு முடிகிறது என்பதை நினைவில் வைத்து, திரும்பிப் போகும் பஸ்ஸின் நேரத்தை முன்பே விசாரித்துக்கொண்டு சேருங்கள்.